கல்லூரி ஃபுட்பால் வீரர்களை எந்த அளவுக்குப் புகழலாம், எந்த அளவுக்குத் திட்டலாம்?

கேள்வி இதுதான் (ஃபுட்பால் என்றால் இங்கே கால்பந்து அல்ல, பந்தைக் கையில் ஏந்தி ஓடியும் எறிந்தும் ஆடும் அமெரிக்க ஆட்டம்; என்.எஃப்.எல். அதன் தொழில்முறை லீக்): "அமெரிக்கக் கல்லூரி ஃபுட்பால் வீரர்கள் இப்போது கைநிறையச் சம்பாதிக்கிறார்கள். அப்படியானால் என்.எஃப்.எல். வீரர்களைத் திட்டுவதுபோல இவர்களையும் திட்டினால் என்ன தப்பு? 'பாவம், சின்னப் பையன்' என்ற பேச்செல்லாம் இனி எடுபடுமா? திட்டுவது தப்பு என்றே வைத்துக்கொண்டாலும், புகழ்வதில் யாருக்கு என்ன நஷ்டம்?"

என் பதிலை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஆட்டத்தைத் தாராளமாக விமர்சிக்கலாம். ஆனால் ரசிகர்களில் பலர் ஒரே ஒரு ஆட்டத்தைப் பார்த்துவிட்டு ஒரு பையனின் எதிர்காலத்தையே எழுதி முடித்துவிடுகிறார்கள். புகழும்போதும் இதையேதான் செய்கிறார்கள். அளவு மீறிய புகழ்தான் பிற்பாடு வசவாகத் திரும்புகிறது. அதனால் புகழ்வதில் யாருக்கும் நஷ்டமில்லை என்பதை என்னால் ஒப்புக்கொள்ள முடியாது.

பணத்திலிருந்து தொடங்குவோம். 2021 ஜூனில் ஆல்ஸ்டன் வழக்கில் அமெரிக்க உச்ச நீதிமன்றம், கல்லூரி விளையாட்டை நடத்தும் அமைப்பான என்.சி.ஏ.ஏ.வுக்கு எதிராக ஒருமனதாகத் தீர்ப்புச் சொன்னது. ஜூலை 1 முதல் வீரர்கள் தங்கள் பெயரையும் படத்தையும் வைத்து விளம்பரப் பணம் வாங்கலாம் என்றானது. என்.ஐ.எல். என்று எல்லோரும் சொல்வது இதைத்தான். 2025 ஜூனில் ஹவுஸ் வழக்கின் சமரச ஒப்பந்தத்துக்கு நீதிமன்றம் ஒப்புதல் தந்த பிறகு, கல்லூரிகளே வீரர்களுக்கு நேரடியாகப் பணம் தருகின்றன. 2025-26 ஆண்டுக்கு ஒரு கல்லூரி தரக்கூடிய உச்சவரம்பு ஏறக்குறைய 2.05 கோடி டாலர், எல்லா விளையாட்டுகளுக்கும் சேர்த்து. ஆகவே 'சம்பளமில்லாமல் ஆடும் மாணவர்கள்' என்ற வாதம் காலாவதியாகிவிட்டது. அதில் கேள்வி கேட்டவர் சொல்வது சரி.

ஆனால் அந்தப் பணம் எல்லோருக்கும் சமமாகப் போவதில்லை. ஒரு ஃபுட்பால் அணியில் 105 பேர் வரை இருக்கலாம். பெரிய தொகை, பந்தை எறிந்து தாக்குதலை நடத்தும் குவார்ட்டர்பேக்குக்கும், எதிரணி குவார்ட்டர்பேக்கைத் துரத்துபவர்களுக்கும், தன் குவார்ட்டர்பேக்கைக் காக்கும் லெஃப்ட் டேக்கிளுக்கும் இன்னும் சில நட்சத்திரங்களுக்கும் போகும். பந்தை உதைத்துப் புள்ளி எடுக்கும் கிக்கர்களில் பலர் ஸ்காலர்ஷிப்கூட இல்லாமல் 'வாக்-ஆன்' ஆக வந்து சேர்ந்தவர்கள். ஆனால் கடைசி நொடியில் ஆட்டம் அவர்கள் காலில்தான் வந்து நிற்கும், அதிகமாக வசவு வாங்குபவர்களும் அவர்கள்தான். பணம் வாங்குகிறான், திட்டுகிறேன் என்று சொல்பவர் தான் திட்டும் ஆளுக்கு எவ்வளவு கிடைக்கிறது என்று தெரிந்துகொண்டா திட்டுகிறார்?

அதைவிட முக்கியமான விஷயம் ஒன்று உண்டு. அவனுக்குச் சம்பளம் கூடியதால், களத்தில் என்ன நடந்தது என்பது பற்றி நமக்குத் தெரிந்தது கூடிவிடவில்லை. ஃபுட்பாலில் ஒரு ப்ளேயில் தவறு யாருடையது என்பதை டிவியில் பார்த்துச் சொல்வது மிகவும் கடினம்.

ஓர் உதாரணம். மூன்றாவது டவுன் (பத்து யார்டு முன்னேற ஓர் அணிக்குக் கிடைக்கும் நான்கு முயற்சிகளில் மூன்றாவது), எட்டு யார்டு வேண்டும். ஓரத்தில் நின்று பந்தைப் பிடிக்க ஓடும் ரிசீவருக்குக் கொடுத்திருப்பது 'ஆப்ஷன் ரூட்': எதிரில் நிற்கும் தற்காப்பாளனான கார்னர்பேக் பின்வாங்கி நின்றால் பத்து யார்டு ஓடி நின்று திரும்ப வேண்டும், ஒட்டி நின்றால் அப்படியே ஆழமாக ஓட வேண்டும். பந்து ஸ்னாப் ஆவதற்குச் (ப்ளே தொடங்கப் பின்னால் கொடுக்கப்படுவதற்குச்) சற்று முன்பு கார்னர்பேக் இரண்டு அடி முன்னால் வருகிறான். குவார்ட்டர்பேக் அதைப் பின்வாங்கி நிற்பதாகவே எடுத்துக்கொள்கிறான், ரிசீவர் ஒட்டி நிற்பதாக எடுத்துக்கொள்கிறான். குவார்ட்டர்பேக்கை நோக்கிக் கூடுதல் ஆட்கள் பாயும் பிளிட்ஸ் வேறு வருகிறது, காத்திருந்து பார்க்க நேரமில்லை. ரிசீவர் நின்று திரும்புவான் என்று நம்பி எறிகிறான். ரிசீவரோ ஆழமாக ஓடிக்கொண்டிருக்கிறான். பந்து நேராகக் கார்னர்பேக் நெஞ்சில் போய் விழுகிறது. இன்டர்செப்ஷன், பந்து எதிரணிக்குப் போய்விட்டது. டிவியில் பார்ப்பவருக்கு, ஆளே இல்லாத இடத்துக்குக் குவார்ட்டர்பேக் பந்தை எறிந்ததுபோல் தெரியும். புள்ளிவிவரத்திலும் அது அவன் கணக்கில்தான் ஏறும். தவறு யாருடையது என்பது திங்கட்கிழமை வீடியோ அறையில் கோச்சுக்கும் அந்த இருவருக்கும் தெரியும். செய்தியாளர்கள் கேட்டால், "நாங்கள் இன்னும் ஒருங்கிணைந்து ஆட வேண்டும்" என்பதோடு கோச் நிறுத்திக்கொள்வார். குவார்ட்டர்பேக்கும் ரிசீவர்மேல் பழி போட மாட்டான், போட்டால் ஓய்வறையில் அவன் பேச்சை யார் கேட்பார்கள்?

தற்காப்பிலும் இதே கதைதான். நீளமான டச்டவுன் (பந்தோடு எதிரணியின் எல்லைக்கோட்டைத் தாண்டிப் புள்ளி எடுப்பது) விழுந்ததும், ரிசீவருக்குப் பின்னால் ஐந்து யார்டு தள்ளி ஓடிவரும் கார்னர்பேக்கைத்தான் கேமரா காட்டும். ஆனால் அன்று அணி ஆடியது 'கவர் 2' என்ற தற்காப்பு முறை என்றால், ஆழமான பகுதி பின்னால் நிற்கும் சேஃப்டியின் பொறுப்பு. கார்னர்பேக்கின் வேலை ரிசீவரைத் தொடக்கத்தில் இடித்துத் தாமதப்படுத்துவதும் கீழே வரும் குறுகிய பாஸைக் காப்பதும்தான். அந்தப் பையன் தன் வேலையைச் செய்து முடித்துவிட்டு, மனம் கேட்காமல் பின்னால் துரத்தி ஓடியிருப்பான். துரத்தியதால் படத்தில் மாட்டிக்கொண்டான். வேறு எங்கோ ஏமாந்து நின்ற சேஃப்டி படத்திலேயே இல்லை.

காயமும் அப்படித்தான். என்.எஃப்.எல். அணிகள் யாருக்கு எங்கே அடிபட்டிருக்கிறது என்று வாராவாரம் வெளியிட வேண்டும். கல்லூரியில் நெடுங்காலம் அப்படிப் பொதுவான கட்டாயம் எதுவும் கிடையாது. கல்லூரி அணிகளின் கூட்டமைப்புகளான பிக் டென் 2023-லும் எஸ்.இ.சி. 2024-லும்தான் வீரர்கள் ஆடும் நிலையில் இருக்கிறார்களா என்ற பட்டியலை வெளியிடத் தொடங்கின. அதிலும் ஆடுவாரா மாட்டாரா என்பதுதான் இருக்கும், எங்கே வலிக்கிறது என்பது இருக்காது. ஒரு டேக்கிள் மூன்று வாரமாகக் கணுக்கால் வீக்கத்தோடு ஆடிக்கொண்டிருந்தால் நமக்கு அவன் 'சோம்பேறி' என்றுதான் தெரியும். சீசன் முடிந்து அறுவை சிகிச்சைச் செய்தி வரும்போது, அக்டோபரில் எழுதியதை யாரும் திருத்துவதில்லை.

அடுத்து, வளர்ச்சி. இந்த வயதில் ஒரு வருடத்தில் ஓர் ஆட்டக்காரன் எவ்வளவு மாறுவான் என்பதற்கு குவார்ட்டர்பேக் ஜோ பர்ரோவைவிட நல்ல சாட்சி இல்லை. ஒஹாயோ ஸ்டேட்டில் வாய்ப்புக் கிடைக்காமல் லூசியானா ஸ்டேட்டுக்கு (எல்.எஸ்.யு.) வந்தவர். 2018-ல் அவர் எறிந்ததில் இலக்கைச் சேர்ந்தது 57.8 சதவீதம், டச்டவுன் பாஸ்கள் 16. அந்த வருடத்தோடு அவரை எடை போட்டவர்கள், "பரவாயில்லை, சராசரி" என்று முடித்திருப்பார்கள். அடுத்த வருடம் 76.3 சதவீதம், 60 டச்டவுன், 15 ஆட்டங்களில் 15 வெற்றி, சிறந்த கல்லூரி வீரருக்கான ஹெய்ஸ்மன் கோப்பை, தேசியப் பட்டம். ஆள் அதே ஆள். கூட ஒரு வருட அனுபவம், புதிய தாக்குதல் திட்டம், தேர்ந்த ரிசீவர்கள். இவற்றில் எதையும் 2018-ல் அவரைப் பார்த்துக் கணித்திருக்க முடியாது.

அலபாமா குவார்ட்டர்பேக் ஜேலன் ஹர்ட்ஸ் விஷயம் இன்னும் கடினமானது. 2018 ஜனவரி 8, தேசிய இறுதி ஆட்டம், அலபாமாவும் ஜார்ஜியாவும். இடைவேளையில் அவரை உட்காரவைத்துவிட்டு, ஃப்ரெஷ்மேனான, அதாவது முதலாண்டு மாணவரான டுவா டாகோவைலோவாவை இறக்கினார்கள். கூடுதல் நேரத்தில் 26-23 என்று அலபாமா வென்றது. நாடே பார்த்த ஆட்டத்தில் அப்படி உட்கார்த்தப்பட்ட 19 வயதுக்காரர், அடுத்த வருடம் டுவாவுக்கு மாற்றாளாக அதே அணியில் இருந்தார். பிறகு ஓக்லஹோமாவுக்குப் போனார். 2025 பிப்ரவரியில் என்.எஃப்.எல். இறுதி ஆட்டமான சூப்பர் பவுலின் சிறந்த வீரர் அவர்தான். 'இவன் எறியத் தெரியாதவன், ஓடத்தான் லாயக்கு' என்று எழுதியவர்கள் 2017-ல் கண்ட குறை பொய்யில்லை. அந்த வருடம் அவருடைய பாஸிங்கில் உண்மையிலேயே குறை இருந்தது. குறையைச் சொன்னதோடு நிறுத்தாமல், அது என்றைக்கும் மாறாது என்று சேர்த்துச் சொன்னதுதான் பிழை.

ஒஹாயோ ஸ்டேட் ரசிகர்கள் இரண்டு வருடம் அடுத்தடுத்து இதை அனுபவித்தார்கள். 2023-ல் குவார்ட்டர்பேக் கைல் மெக்கார்ட் 11 ஆட்டங்களை வென்றுகொடுத்துவிட்டு மிச்சிகனிடம் 30-24 என்று தோற்றார். அந்த ஒரு தோல்விக்காகத் தீர்ந்துபோனவராகப் பேசப்பட்டார். சிரக்யூஸுக்கு மாறி, 2024-ல் 4,779 யார்டு எறிந்து ஏ.சி.சி. கூட்டமைப்பின் ஒற்றை சீசன் சாதனையை முறியடித்தார். அவர் இடத்துக்கு வந்த வில் ஹோவர்டும் 2024 நவம்பரில் அதே மிச்சிகனிடம், சொந்த மைதானத்தில், 13-10 என்று தோற்றார். கோச் ரயன் டேயை நீக்கச் சொல்லிக் குரல் எழுந்தது, ஹோவர்டுக்கும் செம வசவு. ஏழு வாரம் கழித்து டென்னசி, ஓரிகன், டெக்ஸஸ், நோட்டர் டேம் என்று வரிசையாக நான்கு அணிகளை வென்று அதே ஹோவர்டு கையில் தேசியப் பட்டம்.

சரி, இனி கிக்கர்கள். இவர்களுக்கு நடப்பதை விமர்சனம் என்று சொல்லவே எனக்கு மனம் வரவில்லை. 2010 நவம்பரில் பாய்சி ஸ்டேட்டின் கைல் ப்ராட்ஸ்மன், நெவாடாவுக்கு எதிராக 26, 29 யார்டு தூரத்தில் இரண்டு ஃபீல்டு கோல்களைத் (கம்பங்களுக்கு நடுவே பந்தை உதைத்துப் புள்ளி எடுப்பது) தவறவிட்டார், மிரட்டல்கள் வந்தன. 2013 நவம்பர் 30-ல் ஆபர்னின் கிறிஸ் டேவிஸ் கடைசி நொடியில் அலபாமாவின் உதையைப் பிடித்து மைதானம் முழுக்க ஓடி வெற்றி தந்த அந்த ஆட்டத்தில், அலபாமா கிக்கர் கேட் ஃபாஸ்டரின் மூன்று முயற்சிகள் அதற்கு முன்பே வீணாகியிருந்தன. அன்றிரவே அவருக்குக் கொலை மிரட்டல்கள். முன்னாள் ஜனாதிபதி ஜார்ஜ் டபிள்யூ. புஷ் தன் கைப்பட ஒரு கடிதம் எழுதினார். ஃபாஸ்டரின் சட்டை எண் 43, புஷ் 43-வது ஜனாதிபதி. 'இன்னொரு 43' என்று கையெழுத்திட்டிருந்தார். ஒரு கல்லூரி மாணவனைத் தேற்ற முன்னாள் ஜனாதிபதியே கடிதம் எழுத வேண்டியிருந்தது என்றால், அந்த வாரம் அவருக்கு வந்த மற்ற செய்திகள் எப்படி இருந்திருக்கும் என்று யோசித்துப் பாருங்கள்.

2015 அக்டோபர் 17-ல் மிச்சிகன் பன்ட்டர் (பந்தைத் தொலைவாக உதைத்து எதிரணிக்கு விட்டுக்கொடுப்பவர்) ப்ளேக் ஓ'நீலுக்கு நடந்ததும் அப்படித்தான். 23-21 என்று மிச்சிகன் முன்னிலை, பத்து நொடி மிச்சம். ஸ்னாப் தாழ்வாக வந்தது, பந்து கையில் நிற்கவில்லை. எடுத்து உதைக்கப் பார்த்தார், அதற்குள் அவரை வளைத்துவிட்டார்கள். பந்து தெறித்து மிச்சிகன் ஸ்டேட்டின் ஜேலன் வாட்ஸ்-ஜாக்சன் கையில் போய் விழுந்தது, அவர் ஓடிப்போய் டச்டவுன். 27-23. ஓ'நீலுக்கு வந்த செய்திகளைப் பார்த்துவிட்டு, அப்போது கல்லூரி விளையாட்டுத் துறையின் பொறுப்பில் இருந்த ஜிம் ஹாக்கெட் ரசிகர்களுக்குப் பகிரங்கக் கடிதமே எழுதினார். இதே ஓ'நீல் அதே ஆட்டத்தில் 80 யார்டு தூரம் ஒரு பன்ட் உதைத்திருந்தார். அதைப் பற்றி இன்று யாரும் பேசுவதில்லை.

'சின்னப் பையன், விட்டுவிடுங்கள்' என்ற வாதம் போதுமா என்றால், போதாது என்றுதான் சொல்வேன். 2007 செப்டம்பரில் ஓக்லஹோமா ஸ்டேட் கோச் மைக் கண்டி, தன் குவார்ட்டர்பேக் பாபி ரீடைப் பற்றி வந்த பத்திரிகைக் கட்டுரைக்காகச் செய்தியாளர் சந்திப்பில் வெடித்தார். "என்னைத் தாக்குங்கள், நான் ஆம்பிளை, எனக்கு 40 வயசு" என்ற அந்தக் கத்தல் இன்றும் சுற்றிக்கொண்டிருக்கிறது. ஒரு பையனுக்காக நின்ற கோச் என்று பலர் கைதட்டினார்கள். ஆனால் ரீடை உட்காரவைத்தவரும் கண்டிதான். அந்தப் பேச்சு தனக்கு நன்மை செய்யவில்லை, கெடுதல்தான் செய்தது என்று ரீட் பிற்பாடு சொன்னார். எங்கே போனாலும் அந்த வீடியோவில் பேசப்பட்ட பையனாகவே அவரைப் பார்த்தார்கள். ஆகவே குழந்தை என்று பரிதாபப்படுவதும் ஒரு மரியாதை ஆகாது. 20 வயது ஆட்டக்காரனுக்குத் தன் ஆட்டத்தைப் பற்றிய நேர்மையான பேச்சைத் தாங்க முடியும். கோச் தினமும் அதைவிடக் கடுமையாகத்தான் பேசுகிறார்.

எனக்கு எல்லை வேறு இடத்தில் இருக்கிறது. அவனைப் பற்றிப் பேசுவது ஒன்று, அவனிடமே போய்ச் சொல்வது இன்னொன்று. நண்பர்களிடம், "இந்தக் குவார்ட்டர்பேக் சரிப்பட்டு வரமாட்டான்" என்று அலுத்துக்கொள்ளுங்கள், அதில் யாருக்கும் காயமில்லை. அதையே அவன் பெயரைக் கோத்துப் பதிவிடுவதும், அவன் இன்பாக்ஸில் போடுவதும், அவன் அம்மாவின் பக்கத்தில் எழுதுவதும் வேறு காரியம். ஆட்டம் முடிந்து அவன் ஃபோனை எடுக்கும்போது அது ஒன்றாக இருக்காது, ஆயிரமாக இருக்கும்.

2018 மே மாதம் உச்ச நீதிமன்றம் விளையாட்டுச் சூதாட்டத்துக்கு மாநிலங்கள் அனுமதி தரலாம் என்று தீர்ப்பளித்த பிறகு இது இன்னும் மோசமாகிவிட்டது. இன்று அணி வெல்லுமா என்பதில் மட்டும் பந்தயம் இல்லை. பந்தோடு ஓடும் ஒரு ரன்னிங் பேக் 70 யார்டு தாண்டுவானா என்பதிலும் பந்தயம். அணி ஜெயித்தும், அவன் 64 யார்டில் நின்றான் என்பதற்காக வசவு வருகிறது. தோற்ற பணத்தைத் திருப்பிக் கேட்டு, பணம் அனுப்பும் ஆப் வழியாகவே வீரர்களுக்குக் கோரிக்கை அனுப்புகிறார்கள். இவர்களை ரசிகர்கள் கணக்கில் சேர்க்கக்கூடாது. 2024 மார்ச்சில் என்.சி.ஏ.ஏ. தலைவர் சார்லி பேக்கர், கல்லூரி வீரர்கள்மேல் தனித்தனியாகக் கட்டும் பந்தயங்களைத் தடைசெய்ய வேண்டும் என்று மாநிலங்களைக் கேட்டுக்கொண்டார். ஒஹாயோ, மேரிலாண்ட், வெர்மாண்ட், லூசியானா ஆகியவை அந்த வருடமே தடைசெய்தன. எல்லா மாநிலங்களும் செய்ய வேண்டும் என்பது என் கருத்து.

இனி புகழ். கேள்வியில் இதற்குத்தான் பதில் குறைவாக எதிர்பார்த்திருப்பீர்கள், எனக்கோ இதுதான் பிரச்சினையின் வேர். ஒரு பையன் பள்ளி முடிக்கும் முன்பே 247ஸ்போர்ட்ஸ், ரைவல்ஸ் போன்ற நிறுவனங்கள் அவனுக்கு நட்சத்திரம் போட்டுவிடுகின்றன. 5 நட்சத்திரம் பெறுபவர்கள் வருடத்துக்கு முப்பதுக்குச் சற்று மேல், என்.எஃப்.எல். அணிகள் கல்லூரி வீரர்களைத் தேர்ந்தெடுக்கும் டிராஃப்டின் முதல் சுற்றை மனத்தில் வைத்த எண்ணிக்கை அது. அதாவது 17 வயதில், 'மூன்று நான்கு வருடம் கழித்து நீ முதல் சுற்றில் போவாய்' என்று அவன் நெற்றியில் எழுதி ஒட்டுகிறார்கள். ரசிகர்கள் அதை ஒரு வாக்குறுதியாக எடுத்துக்கொள்கிறார்கள். வாக்குறுதி தந்தது நிறுவனம்; அதைக் காப்பாற்றவில்லை என்று பிறகு திட்டு வாங்குவது பையன்.

ஆர்ச் மேனிங்கைப் பாருங்கள். தாத்தா ஆர்ச்சி, சித்தப்பாக்கள் பேட்டன், ஈலை என்று மூன்று பேரும் என்.எஃப்.எல். குவார்ட்டர்பேக்குகள். 2023-ல் டெக்ஸஸுக்கு வந்து, இரண்டு வருடம் பெரும்பாலும் பெஞ்சில் இருந்து கற்றுக்கொண்டார். 2025-ல்தான் முழுநேரக் குவார்ட்டர்பேக் ஆனார். அதற்குள் ஹெய்ஸ்மன் அவருக்குத்தான், அடுத்த டிராஃப்டில் முதல் ஆள் அவர்தான் என்று பேச்சு. டெக்ஸஸ் சீசனை முதலிடத்தில் தொடங்கியது. ஆகஸ்ட் 30 அன்று முதல் ஆட்டமே முந்தைய சாம்பியன் ஒஹாயோ ஸ்டேட்டோடு, அவர்கள் மைதானத்தில். 14-7 என்று தோல்வி. அன்று மாலையே 'வெறும் பில்டப்' என்று எழுதத் தொடங்கிவிட்டார்கள். ஏமாற்றம் அவ்வளவு பெரிதாகத் தெரிந்ததற்குக் காரணம், அதற்கு முன் கட்டிய கோபுரம்தான். அதைக் கட்டியது அவர் இல்லை.

17 வயதுப் பள்ளி மாணவர்கள் விஷயத்தில் இது இன்னும் அசிங்கமாகும். வாய்மொழியாக ஒரு கல்லூரிக்கு வருகிறேன் என்று சொல்வது யாரையும் கட்டுப்படுத்தாது. கையெழுத்துப் போட்டால்தான் கணக்கு. கோச்சுகளும் இடம் இல்லை என்று கடைசி நேரத்தில் கைவிரிப்பது உண்டு. ஆனாலும் ஒரு பையன் மனம் மாறி வேறு கல்லூரியைத் தேர்ந்தெடுத்தால், நேற்றுவரை 'எங்கள் எதிர்காலம்' என்று கொண்டாடியவர்களே துரோகி என்கிறார்கள். கல்லூரிகளின் விதி கண்காணிப்பு அலுவலகங்கள் பள்ளி வீரர்களைத் தொடர்புகொள்ளாதீர்கள் என்று ரசிகர்களைத் திரும்பத் திரும்பக் கேட்டுக்கொள்கின்றன. வாழ்த்துவதற்குக்கூட அவன் பக்கத்துக்குப் போகாமல் இருப்பதுதான் நல்லது.

அப்படியானால் எப்படித்தான் பேசுவது? 'இவன் வேஸ்ட்' என்பதில் ஒரு தகவலும் இல்லை. 'உள்ளேயிருந்து ப்ரஷர் வந்தால் பின்காலில் சாய்ந்து எறிகிறார், பந்து ரிசீவர் தலைக்கு மேல் போகிறது. மூன்று வாரமாக இப்படித்தான்' என்று சொன்னால் அது விமர்சனம். அது சரியா என்று அடுத்த வாரம் யார் வேண்டுமானாலும் பார்த்துச் சொல்லலாம், அவன் திருத்திக்கொண்டால் நீங்களும் மாற்றிக்கொள்ளலாம். புகழுக்கும் இதே அளவுகோல். 'தலைமுறைக்கு ஒருவன்' என்பதைவிட, எதிரணியின் இரண்டு தற்காப்பாளர்கள் இடம் மாற்றி வந்தபோது அதைக் கவனித்துத் தன் ஆளைப் பக்கத்தவனிடம் ஒப்படைத்துவிட்டு அடுத்தவனைத் தடுத்த தடுப்பு வரிசை ஆட்டக்காரனான ரைட் கார்டைப் பற்றி இரண்டு வரி எழுதுங்கள். அந்தப் பையனின் பெயரை வருடம் முழுக்க யாரும் சொல்லியிருக்க மாட்டார்கள்.

கோபத்தைக் காட்டியே ஆக வேண்டும் என்றால் மேலே பாருங்கள். தயாராகாத ஃப்ரெஷ்மேனை இறக்கியது கோச். 2023 நவம்பரில் டெக்ஸஸ் ஏ&எம் ஜிம்போ ஃபிஷரை நீக்கியபோது, ஒப்பந்தப்படி அவருக்குத் தர வேண்டியிருந்த தொகை 7.5 கோடி டாலருக்கும் மேல். முழு வயது, முழுச் சம்பளம், முடிவெடுக்கும் அதிகாரம் மூன்றும் அங்கேதான் இருக்கின்றன.

ஸ்டேடியத்தில் கூச்சல் போடுவது பற்றியும் கேட்பீர்கள். நான்காவது டவுனில் ஒரு யார்டு வேண்டும்போது பயந்து பன்ட் செய்தால் கத்துங்கள், அது கோச்சின் முடிவு. அணி மொத்தமும் தூங்கி வழிந்து இடைவேளைக்கு உள்ளே போகும்போது கத்தினாலும் எனக்கு ஆட்சேபம் இல்லை. ஆனால் உட்காரவைக்கப்பட்ட குவார்ட்டர்பேக், மாற்றாள் அடிபட்டதால் ஹெல்மெட்டை மாட்டிக்கொண்டு மீண்டும் களத்துக்குள் ஓடிவரும்போது சொந்த ரசிகர்களே கத்துவதை மட்டும் என்னால் நியாயப்படுத்த முடியாது. அடுத்த ப்ளேயில் அவன் பந்தைச் சரியாக எறிய வேண்டும் என்று விரும்புவதும் அதே ரசிகர்கள்தானே.